குங்குமம் வைத்த ஆரஞ்சு

கல்யாணமாகாத பெண் ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துத் தண்ணீரில் வீசினால் நல்ல புருஷன் கிடைப்பான் என்று நம்புகிற பண்டிகை ஒன்று எங்கள் ஊரில் உண்டு. சாப் கோ மே என்று பெயர். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், பௌர்ணமி. வீசுவது சீனப் பெண்கள், வலை போட்டு எடுப்பது சீனப் பையன்கள். இதற்கு நடுவில் தமிழச்சி உனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், என் அம்மா அதில் மூக்கை நுழைக்கிற வரைக்கும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மலேசியாவின் சுங்கை பட்டாணியில் பாக்கார் ஆராங் பக்கம் வரிசை வீடொன்றில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா தவறிப் பல வருஷமாகிவிட்டது. அம்மா வீட்டுக்கு அருகிலேயே பூஜைச் சாமான் கடை வைத்திருந்தார். கற்பூரம், ஊதுபத்தி, விபூதி, அவரே எண்ணெய் விட்டுக் குழைத்து விற்கும் குங்குமம். நான் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிக் கூலிம் தொழிற்பேட்டைக்குப் போய், அரிசியைவிடச் சின்னதாக இருக்கும் மின்னணுச் சில்லுகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு பொழுதைக் கழிப்பேன். எதிரே இருக்கிற மனிதர்களைவிட அந்தச் சில்லுகளை எனக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிப்ரவரி மாதம் கேண்டீன் வாசலில் பிளாஸ்டிக் ரோஜா விற்க ஆரம்பித்ததும் அவருக்கு எரிச்சல் வந்துவிடும்.

"பூ வாங்கிக் குடுத்தா காதலாம். அது வெள்ளைக்காரன் கடைக்காரனுக்குச் செஞ்ச திருவிழா லா. எங்ககிட்ட இருக்கறதுதான் நெஜமானது" என்பார், எங்கள் ஊர்ப் பேச்சில் எல்லாரும் ஒட்டுகிற 'லா'வோடு, பாதி மலாய், பாதி என்னிடமிருந்தே கற்றுக்கொண்ட தமிழில்.

அந்த நெஜமானதன் கதையையும் அவர்தான் சொன்னார். அந்தக் காலத்துப் பினாங்கில் பணக்காரச் சீன வீட்டுப் பெண்களை வெளியே விடமாட்டார்களாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால்கூடத் திட்டு. வருஷத்தில் இந்த ஒரு ராத்திரி மட்டும் அலங்காரம் செய்து, காவலுக்குக் கிழவிகளைச் சேர்த்து, குதிரை வண்டியில் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுக் கூட்டிப்போவார்களாம். இதைத் தெரிந்துகொண்டு ஊரிலிருக்கும் இளவட்டமெல்லாம் காற்று வாங்க வந்ததுபோல வழியில் நிற்குமாம். அந்தப் பெண்கள்தான் மனதுக்குள் வேண்டிக்கொண்டு ஆரஞ்சைக் கடலில் வீசியவர்கள். ஏன் ஆரஞ்சு? அவர்கள் ஹொக்கியன் பாஷையில் நல்ல ஆரஞ்சும் நல்ல புருஷனும் ஒரே ஓசையில் முடியும், பாட்டாகச் சொல்ல வசதி, அவ்வளவுதான் காரணம் என்றார். ஓசை ஒத்துவந்தால் எதையும் செய்யத் துணிகிறவர்கள் தமிழர்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அப்ப வீசுன பழத்தை யாரு எடுத்தா?"

"மீனு. இப்பத்தான் போன் நம்பர் எழுதிப் போடறோம். பையனுங்க வலையால எடுப்பானுங்க. எடுத்துத் தின்னு பாக்கணும். இனிச்சா கட்டிக்கலாம். புளிச்சா வேற ஆளைப் பாத்துக்கணும்."

இந்தக் கதையை வீட்டுக்கு வந்து சும்மா அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். அம்மா கற்பூரப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"பௌர்ணமி. தண்ணி. பழம். வயசுப் பொண்ணு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். "ஏய், இது நம்ம ஆடிப்பெருக்கு லா! சீனன் மாசத்தை மாத்திக்கிட்டான், அவ்ளோதான்."

ஆடிப்பெருக்கென்றால் காவிரிக் கரையில் பெண்கள் காதோலையும் கருகமணியும் பழமும் வைத்து நல்ல கணவன் வேண்டித் தண்ணீரில் விடுகிற நாள். அம்மா காவிரியைக் கண்ணால் கண்டதில்லை. பிறந்து வளர்ந்ததெல்லாம் கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம். ஆனால் தோட்டத்து வாய்க்காலில் ஒரு வருஷம் வெற்றிலையில் பழம் வைத்து விட்டாராம். அந்தப் பழம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அப்பா பெண் பார்க்க வந்து சேர்ந்தார். அம்மாவிடம் இதற்கு மேல் எந்த அத்தாட்சியும் கேட்க முடியாது.

அம்மாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பாலிங்கில் டயர் கடை வைத்திருந்த ஒருவருடைய வீட்டிலிருந்து என்னைக் கேட்டிருந்தார்கள். வருகிற ஞாயிறு பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. குறை சொல்ல முடியாத மனிதர். போனில் என்னிடம் பேசினார், டயர்களைப் பற்றி அரை மணி நேரம். நன்றாகத்தான் பேசினார். கடைசியில் "கல்யாணத்துக்கு அப்பறம் வேலைக்குப் போவணும்னு இல்ல" என்றார். கேட்கவில்லை, அறிவித்தார். அம்மா என்னை வற்புறுத்தவில்லை. "புடிக்கலன்னா இப்பவே சொல்லு. மனசுல வேற யாராச்சும் இருந்தாலும் சொல்லு. ரெண்டும் இல்லன்னா ஞாயித்துக்கிழமை நல்ல சேலையா கட்டு" என்றார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் வாய் வரவில்லை.

ஏனென்றால் மனதில் ஒருவன் இருந்தான். ஆனால் அவன் மனதில் நான் இருக்கிறேனா என்று தெரியாமல் அம்மாவிடம் போய் என்னத்தைச் சொல்வது?

அவன் எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற டெக்னிஷியன். என் இயந்திரம் நின்றால் என் போனிலிருந்து அவனைத்தான் கூப்பிடுவேன். நிற்காவிட்டாலும் சில சமயம் கூப்பிடுவேன். வருவான், திருகாணியை முறுக்குவான், "சரியாயிருச்சிங்க" என்பான், போய்விடுவான். நாலு வருஷமாக இந்த 'ங்க'வைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. என் பக்கம் வரும்போது மட்டும் அவன் காது சிவப்பதாக எனக்குத் தோன்றும். சீன அக்கா அது ஏர்கான் குளிரால் என்றார்.

அவனுக்கு ஒரு பயம் இருந்தது. எலுமிச்சம்பழம். சிரிக்காதீர்கள், நான் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தேன். தொழிற்பேட்டைக்குத் திரும்பும் முச்சந்தியில் யாராவது கழிப்புக் கழித்துப் போட்டிருப்பார்கள். ஒருத்தருக்குப் பிடித்த பீடையை, வைத்த செய்வினையை, பழத்தில் இறக்கிக் குங்குமம் தடவி ரோட்டில் போடுவதுதான் கழிப்பு. அதை மிதித்தவனுக்கும் தொட்டவனுக்கும் பீடை தொற்றிக்கொள்ளும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. கம்பெனி பஸ் அதன் மேலேயே ஏறிப் போகும். பின்னால் மோட்டோ சைக்கிளில் வருகிற அவன் மட்டும் பழத்தைக் கண்டதும் திரும்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வருவான். வேலைக்குத் தாமதமாகிப் பேச்சும் வாங்குவான். புதுக் காடி வாங்கியவர்கள் டயருக்கடியில் எலுமிச்சை வைத்தால்கூடத் தூரப் போய் நின்றுகொள்வான்.

ஒருநாள் கேண்டீனில் இதை வைத்து அவனைக் கலாய்த்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அவனுடைய அண்ணன் தோட்டத்து முச்சந்தியில் கிடந்த கழிப்பைத் தெரியாமல் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாராம். அன்று சாயந்திரமே லாரியில் அடிபட்டுப் போய்விட்டார். "பழத்தாலதான்னு நான் சொல்லலைங்க. ஆனா பாத்தா காலு நின்னுருது" என்றான். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிச் சிரித்ததில்லை.

சாப் கோ மே அன்று மத்தியானம் என் இயந்திரம் மிகவும் வசதியாக நின்றது. அவன் வந்தான்.

"சாயந்திரம் டவுன் பூங்காக் குளத்துல ஆரஞ்சு வீசறாங்களாம். சும்மா வேடிக்கை பாக்கலாம்னு போறேன். நீங்க வர்றீங்களா?"

"நான் எதுக்குங்க?"

"வலை வாடகைக்குக் குடுக்கறாங்களாம்."

காது சிவந்தது. ஏர்கான் என்று வைத்துக்கொள்வோம். "பாக்கறேங்க" என்று போய்விட்டான்.

என் திட்டம் இதுதான். பழத்தில் என் நம்பரை எழுதி அவன் நிற்கிற பக்கமாக வீசுவேன். எடுத்தால் எடுத்தான், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். எடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை, அதற்கப்புறம் பாலிங், டயர். வாயைத் திறந்து கேட்கத் துப்பில்லாமல் வாழ்க்கையை ஒரு பழத்திடம் ஒப்படைத்தவள் என்று நீங்கள் நினைக்கலாம். சரிதான். ஆனால் எனக்கு முன்னால் குதிரை வண்டியில் போன பெண்களும் அதைத்தானே செய்தார்கள்?

குளக்கரையில் சிவப்பு விளக்குகள் கட்டியிருந்தார்கள். வெயில் இறங்கி, எதிர்ப்பக்கம் நிலா எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு கரையில் பெண்கள், கையில் பழமும் எழுதுகோலும். எதிர்க்கரையில் ஆண்கள், நீண்ட கழியில் கட்டிய வலையோடு. காதல் என்று வந்தவர்கள் பாதிப் பேர்தான். மீதி, பிளாஸ்டிக் பையோடு வந்திருந்த தாத்தாமார்கள். அவர்களுக்கு நம்பர் வேண்டாம், பழம் போதும். ஒரு தாத்தா வலையை வீசிய வேகத்தைப் பார்த்தால் பல வருஷப் பழக்கம் போலிருந்தது. பையன்களைவிட அவருக்குத்தான் அதிகம் விழுந்தது. கொஞ்சம் நம் ஆட்களும் நின்றார்கள், சும்மா ஒரு கை பார்க்கலாம் என்று.

அம்மா கட்டாயம் வருவேன் என்று பட்டுச்சேலையில் வந்திருந்தார். சீன அக்கா எனக்காகக் காம்போடும் இலையோடும் ஒரு பழம் கொண்டுவந்திருந்தார். அழியாத மையால் நம்பரைப் பெரிதாக எழுதினேன். அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவன் வந்துவிட்டானா என்று பார்க்கக் கரையோரம் போனேன். எதிர்க்கரையில் காணவில்லை. தைப்பூசம் முடிந்த சமயம், காவடி போன வழியெல்லாம் எலுமிச்சம்பழம் கிடக்கும். ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வருவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசியில் வந்தான். நீலச் சட்டை, கையில் வலை. வலையைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

ஓடிவந்து அம்மாவிடமிருந்து பழத்தைப் பிடுங்கி, குறி பார்த்து, முழு மூச்சோடு வீசினேன். பழம் கையை விட்டுப் போகிறபோதுதான் அதன் கன்னத்தில் சிவப்பாக ஏதோ கண்ணில் பட்டது. விரலைப் பார்த்தேன். மஞ்சளும் குங்குமமும்.

"அம்மா! என்னா பண்ணி வச்சீங்க?"

"பொட்டு வச்சேன். நல்ல காரியத்துக்குப் போற பழத்தை மொட்டையாவா அனுப்புவாங்க? கவலப்படாத, நம்ம கடைக் குங்குமம். தண்ணியில போவாது."

குங்குமம் தடவிய பழத்தைக் கண்டால் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும்.

பழம் குளத்தின் நடுவில் விழுந்து மிதந்தது. முதலில் ஒரு நம்மூர் அண்ணன் ஆசையோடு வலையில் அள்ளினார். கிட்டே இழுத்தவர், குங்குமத்தைக் கண்டதும் பாம்பை அள்ளியவர்போல உதறினார்.

"ஐயோ, கழிப்பு லா! எவனோ கழிச்சுப் போட்டுட்டான்!"

அவ்வளவுதான். நம் ஆட்களின் வலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரை விட்டு மேலே எழும்பின. என்ன விஷயம் என்று சீனப் பையன்கள் கேட்க, நம்மவர்கள் மலாயில் கையைக் காலை ஆட்டி விளக்க, அவர்களும் வலையை இழுத்துக்கொண்டார்கள். ஓசிப் பழம் எதையும் விடாத அந்தத் தாத்தாகூட என் பழத்தை மட்டும் கழியால் தள்ளிவிட்டார். சுற்றிலும் எல்லாப் பழமும் போய்விட்டது. என்னுடையது தனியாக, என் போன் நம்பரோடு, நிலா வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. அப்படி ஓர் அவமானம் எதிரிக்கும் வேண்டாம்.

"நல்ல பழத்தை ஏன் எவனும் எடுக்க மாட்டேங்கறான்?" என்றார் அம்மா.

காற்று பழத்தை மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. எங்கே? நேராக அவனிடம். அவன் அப்போதுதான் வலையை நேராகத் திருப்பக் கற்றிருந்தான். வலையோடு மல்லுக்கட்டியதில் அந்தக் கூச்சல் காதில் விழவில்லை போலும், குனிந்து அள்ளினான். பார்த்தான். வலை கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. பேயறைந்தவன்போலப் பின்னால் போனான், ஓரடி, இன்னோரடி. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேண்டீன் சோறும் அவன் அண்ணனும் ஞாபகத்துக்கு வந்தார்கள். முடிந்தது கதை, பாலிங்தான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தம்பி! தண்ணியில எறங்காத லா!" என்று யாரோ கத்தினார்கள்.

திரும்பினேன். அவன் காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தான். முழங்கால், தொடை, இடுப்பு. வலையை விட்டுவிட்டு வெறுங்கையால் அந்தப் பழத்தைப் பிடித்தான். பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். கரையேறி, சொட்டச் சொட்ட, குளத்தைச் சுற்றிக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். கூட்டம் வழிவிட்டது, மரியாதையால் அல்ல, அவன் கையிலிருந்த பழத்துக்குப் பயந்து.

சீன அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். வந்துவிட்டான், எடுத்துவிட்டான், இப்போது சொல்லப் போகிறான்.

என் முன்னால் வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. பழத்தைத் தன் பக்கமாக ஒதுக்கிப் பிடித்திருந்தான், அது என் மேல் பட்டுவிடாமல்.

"இது உன் நம்பரு" என்றான். நாலு வருஷத்தில் முதல் 'உன்'. "எவனோ உன் நம்பரை எழுதிக் குங்குமம் தடவிக் கழிச்சுப் போட்டிருக்கான். உனக்கு யாரோ செஞ்சு வச்சிருக்காங்க. தூரப் போ, தொடாத."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் தோலை உரித்துவிட்டான். குங்குமம் விரலெல்லாம் ஒட்டியது. ரெண்டு சுளையைப் பிய்த்து வாயில் போட்டு, மெல்லாமல்கூட விழுங்கினான்.

"அவ்ளோதான். என் மேல வந்துருச்சு. இனிமே உனக்கு ஒண்ணும் ஆவாது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பழத்தைக் கண்டால் ஊரைச் சுற்றிப் போகிறவன், தன் அண்ணனைக் கொண்டுபோனது என்று நினைக்கிற அதே சாமானை எனக்காகத் தின்றுவிட்டு நிற்கிறான். பிளாஸ்டிக் ரோஜாவை நீட்டி "ஐ லவ் யூ" சொல்கிற எவனும் இதில் கால்வாசி சொன்னதில்லை.

அம்மா குங்குமம் ஒட்டிய விரலை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தார், அப்புறம் மனம் மாறி வெளியே எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, அது கழிப்பு இல்லப்பா. நான் வச்ச பொட்டு. இவ புருஷன் வேணும்னு போட்ட பழம்."

அவன் விரலைப் பார்த்தான். மிச்சப் பழத்தைப் பார்த்தான். தோலில் பாதி கிழிந்து தொங்கிய என் நம்பரைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான். போன ரத்தமெல்லாம் திரும்பி வந்து நேராகக் காதுக்கு ஏறியது. குளக்கரையில் ஏர்கான் கிடையாது.

"நான் நிக்கிற பக்கமா... குறி வச்சா போட்டீங்க?"

"நீன்னே சொல்லுங்க" என்றேன்.

சீன அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "பழம் எப்பிடி? இனிப்பா, புளிப்பா? சொல்லு லா!"

அம்மாவும் ஒரு எட்டு முன்னால் வந்தார். அவருக்கும் அது தெரிந்தாக வேண்டும். பாலிங்குக்குப் போன் போட வேண்டியவர் அவர்தானே.

"தெரியலைங்கம்மா" என்றான் பாவம், உதடெல்லாம் குங்குமத்தோடு. "பயத்துல ருசியே பாக்கல."

அவன் கையிலிருந்து ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டேன். அப்படி ஒரு புளிப்பை அதற்கு முன்பும் பின்பும் நான் தின்றதில்லை. பல் கூசியது, காது அடைத்தது, முகம் சுளிக்காமலிருக்க என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிதானமாக மென்று முழுங்கினேன்.

"இனிக்குது" என்றேன்.